பியூலாவுக்குத் தெரிய வேண்டாம்

பரளச்சி,
20.2.1994, ஞாயிறு.

கர்த்தருக்குள் பிரியமான என் அத்தானுக்கு,

பியூலா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் ஈவாவும் சுகம். அங்கே தங்கள் சுகத்தை அறிய ஆவல் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை அதை எழுதப் போவதில்லை. எழுதினால் "ஆண்டவர் கிருபையால் நல்ல சுகம்" என்று பதில் வரும். உங்கள் சுகத்தைப் பற்றி நீங்கள் சொல்லி நான் நம்புகிற காலம் இன்று காலை ஒன்பதரை மணியோடு முடிந்துவிட்டது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இன்று லெந்து காலத்தின் முதல் ஞாயிறு. போதகர் ஐயா எம்.ரெட்டியபட்டி சபைக்குப் போய்விட்டதால் இங்கே செல்லத்துரை உபதேசியார்தான் ஆராதனை நடத்தினார். நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. நன்றிக் காணிக்கை யார் படைத்தாலும் காரணத்தை ஒரு சீட்டில் எழுதி வைக்க வேண்டும். சீட்டில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல் சபைக்கு முன்னால் வாசிக்க வேண்டும். யார் வீட்டு எருமை கன்று போட்டது, யார் பையன் மூன்றாவது தடவையில் பத்தாம் வகுப்பு தேறினான், யாருக்கு மூலம் சரியானது என்பதெல்லாம் ஊருக்குத் தெரிய வருவது அப்படித்தானே.

இன்று நான்கு சீட்டு. மூன்று வழக்கமானவை. நான்காவதை உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். "பறந்துகொண்டிருந்த விமானத்தை ஏவுகணை தாக்கி, எஞ்சின் ஒன்று எரிந்தும், எங்கள் ஆறு பேரையும் உயிரோடு தரையில் இறக்கிய ஆண்டவருக்கு நன்றியாக, அங்கோலா நாட்டிலிருந்து த. ஜோஸ்வா" என்று வாசித்தார். பாடகர் குழு உட்பட மொத்தக் கோயிலும் திரும்பி என்னைப் பார்த்தது. அவர் மட்டும் தலை தூக்கவில்லை. சீட்டைத் திருப்பினார். "பியூலாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று அதையும் அதே குரலில் வாசித்து, ஆமென் என்று முடித்தார். சபையும் ஆமென் என்றது. பழக்க தோஷத்தில் நானும் ஆமென் சொல்லிவிட்டேன்.

ஆராதனை முடிந்ததும் அந்த மனிதர் என்னிடம் ஓடி வந்தார். "யம்மா பியூலா, சீட்டுல என்ன இருக்கோ அத வாசிக்கணும்ல. நான் பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே வாரேன், திருப்பினா அது நிக்கிது. பாதியில நிப்பாட்டுறதும் மொறையில்லயேம்மா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வாசிக்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏவுகணைன்னா என்னத்தா? தீவாளிக்கு விடுவாகளே, அந்த ராக்கெட்டா?" என்று கேட்டார்கள். ஆமாம் அத்தை, கொஞ்சம் பெரிசு என்றேன். வேறு என்ன சொல்ல?

வீட்டுக்கு வரும்வரை கோபம்தான் இருந்தது. அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன் அத்தான். நீங்கள் உயிரோடு இருப்பது தெரிந்த பிறகு எதற்கு அழுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. அந்த ஒரு மாதமும் நான் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போய், வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, சிரித்துப் பேசி, கம்பங்கூழ் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

இப்போது எல்லாம் விளங்குகிறது. பொங்கல் கழித்துப் பந்தல்குடியில் கனகலட்சுமி கடை டெலிபோனுக்குக் கூப்பிட்டீர்கள். ஆள் வந்து சொல்லி, நான் பஸ் பிடித்துப் போய் ஒரு மணி நேரம் காத்திருந்து பேசினால், மல்லி இந்த வருஷம் எப்படி என்று கேட்டீர்கள். மிளகாய்க்குத் தண்ணீர் காணுமா என்று கேட்டீர்கள். கிணற்று மோட்டார் எப்படி ஓடுகிறது என்று இரண்டு தடவை கேட்டீர்கள். அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் மோட்டாரை விசாரிக்கிறாரே என்று கனகலட்சுமிகூடச் சிரித்தார்கள். என் குரலைக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அந்த டெலிபோன் கூண்டிலேயே அழுதிருப்பேன், அவ்வளவுதானே.

அதற்குப் பின் வந்த கடிதத்தில் "தரை இறங்கும்போது டயர் வெடித்துவிட்டது, பத்து நாள் வேலை இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுப்பாடம் எழுதாததற்கு என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இதைவிட நல்ல காரணமாகச் சொல்வார்கள்.

ஊர்ச் செய்தியும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்கச் சண்டையாகிவிடும். பருத்தி முதல் எடுப்பு முடிந்தது. கார்த்திகைக்குப் பின் மழை ஏமாற்றியதால் காய் சிறுத்துப் போய்விட்டது. கண்மாயில் கால் நனைகிற அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. ஈவாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. உங்கள் பெயரைச் சொல்லச் சொன்னால் காற்றுத்தான் வருகிறது. மோட்டார் நன்றாக ஓடுகிறது.

ஆண்டவருக்கு நீங்கள் எழுதாமலே தெரியும். எழுதியிருக்க வேண்டியது எனக்கு. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது, உடம்பில் எங்கே அடி, இனி அந்த விமானத்தில் ஏறுவீர்களா மாட்டீர்களா, எல்லாவற்றையும் எழுதுங்கள். எனக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நீங்கள் அளக்க வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
பியூலா.


லுவாண்டா,
16.3.1994.

அன்புள்ள பியூலாவுக்கு,

ஜோஸ்வா எழுதிக்கொள்வது. உன் கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. மூன்று தடவை படித்துவிட்டேன். முதல் தடவை பயந்தேன். இரண்டாம் தடவை உபதேசியார் சீட்டைத் திருப்பிய இடத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்றாம் தடவை, நீ அடுப்படியில் உட்கார்ந்ததைப் படித்தபோது எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. தப்புத்தான். மன்னித்துவிடு.

சபைக்கு உள்ளதை உள்ளபடி எழுதாமல் காணிக்கை அனுப்ப மனம் வரவில்லை. இங்கிருந்து விடுமுறைக்குப் போன நாகர்கோவில்காரர் ஒருவர் கையில் கவரைக் கொடுத்து, ஊர் போனதும் தபாலில் சேர்க்கச் சொன்னேன். போதகர் ஐயா பெயர்தான் எழுதியிருந்தேன். அவர் வெளியூர் போனால் உபதேசியார்தான் உடைப்பார் என்பதை மறந்துவிட்டேன். உனக்குத் தெரிய வேண்டாம் என்பதைத் தனிக் காகிதத்தில் எழுதியிருக்கலாம். ஒரு காகிதத்தை மிச்சம் பிடிக்கப் போய் இப்படி ஆகிவிட்டது.

இனி உள்ளதைச் சொல்கிறேன். ஜனவரி பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். எங்கள் விமானம் நாலு புரப்பெல்லர் உள்ள பழைய ரஷ்ய விமானம். நம் பந்தல்குடி ஷெட்டில் ஓடி ஓடித் தேய்ந்த லாரி ஒன்று நிற்குமே, அதன் வயசு இருக்கும். கேப்டனும் ரஷ்யர்தான். அறுபதை நெருங்கியவர், பேச்சுக் குறைவு. லோடு ஏற்றிக் கட்டுவது என் வேலை. அன்று லோடு மக்காச்சோள மாவு, ஐம்பது கிலோ மூட்டை இருநூற்று நாற்பது. போகிற ஊர் மலைமேல் இருக்கிறது. பெயர் சொன்னால் உனக்கு வாயில் நுழையாது. ஊரைச் சுற்றி ஒன்பது மாதமாகச் சண்டை. ரோடு முழுக்கக் கண்ணிவெடி. ஆகாயம் வழியாகப் போவதுதான் அந்த ஊருக்குச் சாப்பாடு.

தாழப் பறந்தால் கீழேயிருந்து சுடுவார்கள். அதனால் ஊருக்கு நேர் மேலே போய், அங்கிருந்து வட்டம் போட்டுச் செங்குத்தாக இறங்க வேண்டும். கமலைக் கிணற்றுக்குள் கருடன் சுற்றிச் சுற்றி இறங்கினால் எப்படி, அப்படி. நான் லோடுக்கு முன்னால் சுவரோரம் ஒரு மடக்கு நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் வட்டம் முடிகிற நேரம் வலது பக்கம் ஓர் அடி விழுந்தது. நிற்கிற லாரியில் இன்னொரு லாரி பக்கவாட்டில் வந்து மோதியது போல இருந்தது. வலது ஓர எஞ்சின் தீப்பிடித்தது. விமானம் வலப்பக்கம் சரிந்து, மூக்கை மேலே தூக்கியது.

இங்கே உனக்கு ஒன்றை விளக்க வேண்டும். விமானம் அடிபட்டு விழுவதைவிட, அடிபட்டதும் உள்ளே லோடு சரிந்து விழுவதுதான் அதிகம் என்பார்கள். பன்னிரண்டு டன் பின்னால் ஓடினால் கேப்டன் என்ன செய்தாலும் மூக்கு இறங்காது. கம்பெனி விதிப்படி மூட்டை அடுக்கின்மேல் வலையைப் போட்டுத் தரை வளையத்தில் மாட்டினால் போதும். எனக்கு அது போதாது. தூத்துக்குடிக்குப் பருத்திப் பொதி ஏற்றிப் போன காலத்தில் காளிராஜும் நானும் எப்படிக் கட்டுவோமோ, அப்படித்தான் இங்கும் கட்டுகிறேன். அடுக்குக்கு நடுவே சந்து விடாமல் வெறுஞ்சாக்கைத் திணிப்பேன். வலைக்கு மேல் குறுக்கே இரண்டு வரி கயிறு போட்டு, கம்பைக் கொடுத்து முறுக்கி, முறுக்கு அவிழாமல் கம்பையும் சேர்த்துக் கட்டுவேன். இதற்கு இருபது நிமிஷம் கூடுதலாகும். கேப்டன் ஒவ்வொரு நாளும் கடிகாரத்தைக் காட்டி, இது விமானம், லாரி இல்லை என்று சத்தம் போடுவார். நான் காது கேட்காதவன் போல முறுக்கிக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு அந்தக் கயிறு முறுகுகிற சத்தம் எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. பன்னிரண்டு டன்னும் கயிற்றில் தொங்கியது. ஜெபம் பண்ணியிருப்பேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. "ஏலே நில்லு, ஏலே நில்லு" என்று மூட்டைகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். ஆண்டவர் அதையே ஜெபமாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அடுக்கு நாலு விரல்கூட நகரவில்லை. ஏவுகணைத் துண்டுகள் சுவரைத் துளைத்து மூட்டைகளைக் கிழித்ததில் உள்ளே ஒரே வெள்ளைப் புகை. அவ்வளவுதான், தீ உள்ளே வந்துவிட்டது என்று நினைத்தேன். இருமினேன். வாயில் இனித்தது. மாவு.

கேப்டன் தீயை அணைத்து, மூன்று எஞ்சினோடு அந்த ஊரிலேயே இறக்கினார். குண்டும் குழியுமான ஓடுபாதையில் மோதி டயர் வெடித்தது. ஆக, டயர் வெடித்தது என்று நான் எழுதியதில் பொய் இல்லை, அதற்கு முன்னால் நடந்ததைத்தான் எழுதவில்லை. நின்றதும் கேப்டன் பின்னால் வந்தார். மாவைத் தட்டிவிட்டு ஒவ்வொரு கயிறாகத் தொட்டுப் பார்த்தார். என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். நம் ஊரில் ஓர் ஆம்பளை இன்னொரு ஆம்பளைக்கு இப்படிச் செய்தால் ஏழு தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு நெற்றியில் ஒரு கீறல், இடது காது ஒரு வாரம் கேட்கவில்லை. அவ்வளவுதான். இதில் ஒன்றும் குறைக்கவில்லை.

எழுதாமல் விட நினைத்த இன்னொன்றும் இருக்கிறது. இறக்கை இன்னும் புகைந்துகொண்டிருக்கும்போதே ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். எங்களைப் பார்க்க வரவில்லை, மூட்டைக்கு வந்தார்கள். வரிசையாக நின்று ஒரு சத்தம் இல்லாமல் இறக்கினார்கள். கிழிந்த மூட்டைகளிலிருந்து மாவு கதவு வழியாகத் தரையில் கொட்டியிருந்தது. உன் வயசுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து அதைக் கையால் கூட்டி, புழுதியோடு சேர்த்துத் துணியில் அள்ளினாள். அள்ளி முடிப்பதற்குள் இடுப்பிலிருந்த பிள்ளை துணிக்குள் வாயை வைத்துவிட்டது. பச்சை மாவு. அவள் தடுக்கவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என்னைத் தாக்கியது ஏவுகணை இல்லை பியூலா, அதுதான்.

ஏப்ரலோடு என் ஒப்பந்தம் முடிகிறது. அக்டோபர் கடைசிவரை இருக்கச் சொல்கிறார்கள். ஜோஸ்வா கட்டினால்தான் ஏறுவேன் என்று கேப்டன் கம்பெனியில் சொல்லிவிட்டார். இந்தத் தாக்குதலுக்குப் பின் புதிய விதி போட்டிருக்கிறார்கள். தொடர்ந்து பறப்பவர்கள் குடும்பத்தின் சம்மதக் கையெழுத்தைக் கொண்டுவர வேண்டும். அந்த ஃபாரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

எனக்குப் பயம் இல்லை என்று எழுதினால் மறுபடியும் பொய். இறங்குகிற வட்டம் தொடங்கினால் உள்ளங்கை வேர்க்கிறது. ஆனால் என் கட்டில் எனக்குச் சந்தேகம் இல்லை. போக வேண்டும் என்று மனம் சொல்கிறது. இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் ஏற மாட்டேன். உனக்குச் சம்மதம் இல்லையென்றால் ஃபாரத்தைக் கிழித்து அடுப்பில் போடு. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். மே மாதம் முதல் வாரம் பந்தல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்குவேன். சம்மதம் என்றால் பூர்த்தி செய்து அந்த நாகர்கோவில்காரருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. அவர் ஏப்ரல் இருபதாம் தேதி இங்கே திரும்புகிறார். அவர் முகவரியை ஃபாரத்தோடு சேர்த்துக் குத்தியிருக்கிறேன்.

அம்மாவிடம் நான் சௌக்கியம் என்று சொல். ஈவாவுக்கு முத்தம்.

உன் அன்புள்ள,
ஜோஸ்வா.


பரளச்சி,
6.4.1994, புதன்.

கர்த்தருக்குள் பிரியமான என் அத்தானுக்கு,

பியூலா எழுதுவது. உங்கள் கடிதம் பெரிய வியாழக்கிழமை அன்று வந்தது. உண்மையை எழுதியதற்கு நன்றி. ஒரு மனிதரிடமிருந்து உண்மையை வாங்க இவ்வளவு தபால் செலவாகும் என்று எனக்குத் தெரியாது.

படித்து முடித்தவுடன் முடியாது என்று முடிவு செய்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. "ஃபாரத்தை அடுப்பில் போட்டுவிட்டேன், புறப்பட்டு வாருங்கள்" என்று நாலு வரி எழுதியும் விட்டேன். அதில் பாதி பொய். ஃபாரம் என் பீரோவில்தான் இருந்தது. அத்தையிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "வரச்சொல்லு. ரெட்டியபட்டிப் பக்கம் கூலிக்குப் பருத்தி எடுத்தாலும் எம்புள்ளைக்குக் கஞ்சி இல்லாமலா போயிரும்? வரச்சொல்லுத்தா" என்றார்கள். ஈஸ்டர் அன்று காளிராஜ் அண்ணனும் வந்தார். நீங்கள் கயிறு கட்டிய கதையைச் சொன்னதும் தொடையில் தட்டிச் சிரித்தார். அப்புறம் முகம் மாறி, "தங்கச்சி, போதும். வரச்சொல்லுங்க. ஷெட்டுல அவனுக்கு எப்பவும் எடம் இருக்கு, மொதலாளிகிட்ட நான் பேசுறேன்" என்றார். ஆக, ஊரே என் பக்கம். கவரை ஒட்டித் தபால்பெட்டியில் போடுவது ஒன்றுதான் பாக்கி.

திங்களும் செவ்வாயும் எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு அரிசி வரவில்லை. லாரிக்கு வழியில் அச்சு முறிந்துவிட்டதாம். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இருந்ததை வைத்துச் சமையல்கார மூக்கம்மாள் திங்கட்கிழமை கஞ்சி காய்ச்சி ஒப்பேற்றிவிட்டாள். செவ்வாய்க்கிழமை அதுவும் இல்லை. இன்றைக்குச் சாப்பாடு கிடையாது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள் என்று காலையிலேயே சொல்லிவிட்டோம். பாதிப் பிள்ளைகள் போனார்கள். வீட்டில் ஆளும் இல்லை, உலையும் இல்லை என்று தெரிந்தவர்கள் போகவில்லை. பன்னிரண்டரை மணிக்கு வீரணன் மகள், ஒண்ணாம் வகுப்பு, தட்டைக் கழுவிக் கொண்டுவந்து வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். "அரிசி வரலன்னு சொன்னேன்ல?" என்றேன். "லாரி வந்துரும் டீச்சர்" என்றாள். கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை அவளுக்கு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்திரிச்சுப் போ என்று அதட்டப் போனேன். அதற்குப் பதில் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தேன்.

லாரி இரண்டு மணிக்கு வந்தது. பிள்ளைகள் ஓ என்று கத்தினார்கள். மூக்கம்மாள் அடுப்பைப் பற்றவைக்க ஓடினாள். நான் மட்டும் லாரிமேல் நின்று கயிறு அவிழ்த்த ஆளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மாதா மாதம் அரிசி வருகிறது. அரிசியைப் பார்த்திருக்கிறேன், மூட்டையைப் பார்த்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறேன். கயிறு அவிழ்க்கிற ஆள் ஒருவர் உண்டு என்பதை நேற்றுத்தான் பார்த்தேன். புழுதி அப்பிய முகம். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். உங்களை மாதிரியே குவளையை உயர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்துக் குடித்தார். பிள்ளைகள் சாப்பிடும்போது மணி நாலு.

வீட்டுக்கு வந்து அந்த நாலு வரியைக் கிழித்துப் போட்டேன்.

நீங்கள் போங்கள், அத்தான். உங்களைப் பெருந்தன்மையாக அனுப்புகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அந்த ஊரைத் தெரியாது, அந்தப் பெண்ணைத் தெரியாது. நீங்கள் பக்கத்தில் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் இப்போது உங்களை வரச்சொன்னால், மே மாதம் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் பாதி ஆளாகத்தான் இறங்குவார். மீதிப் பாதி அந்தத் துணியில் அள்ளிய மாவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்கும். எனக்கு முழு ஆள் வேண்டும். அதற்காக அக்டோபர்வரை பொறுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. நவம்பரில் பருத்தி களை எடுக்க ஆள் கிடைக்காது, இப்போதே சொல்லிவிட்டேன்.

வாரம் ஒரு கடிதம் எழுத வேண்டும். இரண்டு வரி போதும், அந்த இரண்டும் உண்மையாக இருக்க வேண்டும். உள்ளங்கை வேர்த்தால் வேர்த்தது என்று எழுதுங்கள். அவசரப்படுத்தினால் கேப்டனிடம், பரளச்சியில் ஒரு டீச்சர் இருபது நிமிஷத்தை முப்பதாக்கச் சொல்லியிருக்கிறாள் என்று சொல்லுங்கள். முத்தம் கொடுத்த மனிதர், கேட்பார். வட்டம் போட்டு இறங்கும்போது எழுந்து நிற்காதீர்கள். அந்தப் பெண்ணைத் திரும்பப் பார்த்தால் பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்வேன். இரண்டு நாள் என்னோடு பேச மாட்டார்கள். மூன்றாம் நாள் உங்களுக்கு ஊறுகாய் அனுப்ப முடியுமா என்று கேட்பார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் இதை நினைத்துக் கலங்க வேண்டாம். ஈவா, அப்பா எப்ப வாராக என்று கேட்டாள். மழை முடிவதற்குள் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் மேல் உள்ள நம்பிக்கையில் சொன்ன வார்த்தை அது. ஆண்டவர் உங்களைச் சுற்றி நின்று, ஏற்றுகிற இடத்திலும் இறக்குகிற இடத்திலும் உங்கள் கையையும் கண்ணையும் காக்கட்டும். நான் காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொண்டே இருப்பேன், அவருக்குச் சலித்தாலும் சரி.

ஃபாரத்தைப் பூர்த்தி செய்துவிட்டேன். உங்கள் பெயர், பிறந்த தேதி, எனக்கு நீங்கள் என்ன உறவு, உங்களுக்கு நான் என்ன உறவு, அங்க அடையாளத்துக்கு வலது முழங்கைத் தழும்பு, எல்லாம் அழகாக அச்சு எழுத்தில் எழுதி, சம்மதம் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மசி சிதறாமல் ஒற்றியும் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும். இறப்பு நேர்ந்தால் உடலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் ஏன் என்று கேட்டால், என் சம்சாரத்துக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது என்று சொல்லிவிடுங்கள்.

என்றும் உங்கள்,
பியூலா.